யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரும் ஆலயக் கேணிகளும்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வைத்த அதிகாரம் வான் சிறப்பு ஆகும். நீத்தார் பெருமையும் அறன் வலியுறுத்தலும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரிய திருவானைக்காவிலே மூலவரைச் சுற்றி ஊற்றுநீர் கசிந்துகொண்டிருப்பதை, தல யாத்திரை சென்ற அடியார்கள் கண்டிருப்பர். சைவர்களுக்குத் தண்ணீர் வெறும் பாவனைப் பொருள் அன்று. கும்பம் வைப்பதற்கும் அபிடேகத்துக்கும் முதலில் வேண்டியது அதுவே. எனினும் ஆலயக் கிணற்றிலே குருக்கள் அள்ளும் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இருக்கிறது, இன்னும் எத்தனை காலத்துக்கு இருக்கும் என்பவை பரிபாலன சபைக் கூட்டங்களில் அரிதாகவே பேசப்படுகின்றன. கோபுரத்துக்கு வர்ணம் பூசுவது பற்றி மூன்று மணிநேரம் பேசுவார்கள்.

இம்மலரை வாசிக்கும் அடியார்களிற் பலர் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருப்பவர்கள். அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். மாதம் முடிந்தால் பட்டியல் வரும். கொழும்புக்கு லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது 1886ஆம் ஆண்டில். பின்னர் அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும் எடுக்கப்படலாயிற்று. கடும் வரட்சியில் களனியின் மட்டம் தாழ்ந்தால் கடல்நீர் ஆற்றுவழியே மேலேறி அம்பத்தளை வரை எட்டிப் பார்க்கும். அதைத் தடுக்க மணல்மூட்டைகளால் அணை போட்ட காலங்களும் உண்டு. பெரிய ஆறு ஒன்று பக்கத்தில் ஓடும் கொழும்புக்கே அந்த நிலைமை என்றால், ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமையைச் சொல்லவேண்டியதில்லை. கொழும்பில் குடியிருந்தாலும் ஊரிலுள்ள காணியும் வீடும் கிணறும் அடியார்களின் பெயரிலேயே இருக்கின்றன. ஆகவே இது ஊரில் இருப்பவர்களின் கவலை மட்டுமன்று.

உப்பின்மேல் மிதக்கும் நன்னீர்

குடாநாடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் வேறு ஆறு கிடையாது. மலை கிடையாது. ஆண்டுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களிலேயே விழுந்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் மக்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டம் இறைப்பதும் அந்த மூன்று மாத மழையில் மண்ணுக்குள் இறங்கிய பங்கைக் கொண்டுதான். மேலே விழும் மழையில் ஒரு பகுதியே உள்ளே இறங்குகிறது. மிகுதி வெயிலில் ஆவியாகிறது, அல்லது கடலுக்கு ஓடுகிறது.

உள்ளே இறங்கிய நீரைத் தாங்குவது சுண்ணாம்புக் கல். செம்மண்ணை ஒரு சில அடி தோண்டினாலே அந்தக் கல் தட்டுப்படும். அது முழுப் பாறை அன்று. வெடிப்பும் பொந்தும் குகையுமாக உள்ளது. சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு பெரும் நீர்ப்படுகைகளாக இதை ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்வர். இவற்றுள் பெரியது வலிகாமத்துப் படுகை.

இந்த நன்னீர் கல்லின் அடிவரை நிறைந்திருக்கவில்லை. நாற்புறமும் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த நிலமாகையால், அடியிலே உப்புநீர் இருக்கிறது. பாரம் குறைந்த நன்னீர் அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நடுவிலே தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருக்கும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்த கைபென், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்தது இது. நன்னீர் கடல் மட்டத்துக்குமேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். கேட்பதற்கு நல்ல செய்திதான். திருப்பிப் பார்த்தால் வேறு விதமாக இருக்கும்: ஊர் முழுவதும் சேர்ந்து இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறும். கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டினால் தண்ணீர் வரும் என்று எண்ணுபவர் உப்பை நோக்கியே வெட்டுகிறார்.

புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி. இராமபிரான் தாகம் தீர்க்க உண்டாக்கிய ஊற்று என்பது ஊர் வழக்கு. அடி காண முடியாத கிணறு என்றும் அங்கே போட்ட எலுமிச்சங்காய் கீரிமலையில் மிதக்கும் என்றும் முதியோர் சொல்வர். உண்மையில் அது சுண்ணாம்புக் கல் கரைந்து உட்சரிந்ததால் ஏற்பட்ட பள்ளம், அடியும் உண்டு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிலேயே, இக்கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் கீழே போகப்போக உவர்ப்பாகவும் அடியில் கடும் உப்பாகவும் இருப்பதை எழுதியிருக்கிறார். ஒரே கிணற்றுக்குள் மூன்று சுவை! குடாநாட்டின் ஒவ்வொரு கிணற்றுக்கு அடியிலும் இருப்பது அதே ஒழுங்குதான். நிலாவரையில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவே. எலுமிச்சங்காய்க் கதையையும் முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஓர் ஊரின் நீர் கல்லுக்குள்ளே இன்னோர் ஊருக்குப் போகும் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது.

மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம் நீங்கியதாகப் புராணம் கூறும் கீரிமலைத் தீர்த்தமும் இந்த நீரே. கடலலை கேட்கும் தூரத்தில் நன்னீர் ஊறுவது எப்படி என்று அடியார்கள் வியப்பதுண்டு. வலிகாமத்தின் வெளியிலும் வளவிலும் விழுந்த மழை கல் வெடிப்புகளின் வழியே கடலை நோக்கி நகர்ந்து, கரையிலே வெளிப்படுகிறது. ஆடி அமாவாசையன்று நகுலேஸ்வரத்தின் அருகில் பிதிர்க்கடன் கழிப்பவர்கள் முழுகுவது, சில மாதங்களுக்கு முன் அவரவர் ஊர்க் கூரைகளில் விழுந்த மழையாகவும் இருக்கலாம்.

துலாவும் இயந்திரமும்

முன்னோர் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கையிலிருந்த கருவி அளவு மீற விடவில்லை. துலாவிலே ஒருவர் இருவர் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். விடியற்புறத்தில் தொடங்கினால் வெயில் ஏற முடிந்துவிடும். மனித உடம்பு களைத்துப்போகும். அந்த ஓய்வில் கிணறு ஊறிவிடும். பங்குக் கிணறாக இருந்தால் முறை வைத்து இறைப்பார்கள். பழைய காணி உறுதிகளை எடுத்துப் பார்த்தால், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழிவாய்க்காலும் என்று எழுதியிருக்கும். தண்ணீர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதை நொத்தாரிசு முன்னிலையில் ஒப்புக்கொண்ட சமுதாயம் அது. கிணற்றுப் பங்கால் வழக்குக்குப் போனவர்களும் இருந்தார்கள் என்பது வேறு விடயம்.

1950களில் நீர் இறைக்கும் இயந்திரம் பரவலாயிற்று. ஊரவர் அதை மிசின் என்றே சொல்வர். 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் பிறந்தது. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். அதைக் குறைசொல்வது முறையன்று. வெள்ளவத்தையில் இன்று வசதியாக இருக்கும் பல குடும்பங்களின் முதல் அந்த வெங்காயத் தறையிலிருந்து வந்ததுதான். ஆனால் அதே காலத்தில் ஒரு மணிநேரத்தில் கிணற்றைத் துடைத்து எடுக்கும் வழக்கமும், போகத்துக்குப் போகம் யூரியாவை அள்ளி வீசும் வழக்கமும் வேரூன்றின.

யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்ளாத மிகுதி, நைத்திரேற்றாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்கும். செம்மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, கல்லும் வடிகட்டுவதில்லை. திருநெல்வேலி, கோண்டாவில், கோப்பாய் போன்ற செறிந்த தோட்டப் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இது நாவுக்குத் தெரியாது, மணக்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் இது கூடியிருந்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க இயலாமற் போய்க் குழந்தை நீலம் பாரிக்கும். பலர் கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று எண்ணுகிறார்கள். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் அழியாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஊருக்குக் கைக்குழந்தையோடு திருவிழாவுக்குப் போகும் இளம் தாய்மார் இதை மனத்திற் கொள்வது நல்லது.

குழி மலசலகூடங்களாலும் இதே தீங்கு வருகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இருந்தால் போதும் என்ற எண்ணம் மணல் நிலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். கல்லிலே ஒரு வெடிப்பு நேராக ஓடினால் ஐம்பது அடி ஒரு தூரமே அன்று. முன்பு நான்கு பரப்புக் காணியில் ஒரு வீடு இருந்தது; இன்று அதே காணியைப் பிரித்து நான்கு வீடு, நான்கு குழி, நான்கு கிணறு. அடிப்பாகத்தைச் சீமெந்தால் அடைத்த தாங்கி கட்டினால் செலவு கூடும் என்பது உண்மை. சிறுநீரக வைத்தியத்துக்கும் வயிற்றோட்டத்துக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவன்று.

சுன்னாகத்தில் நடந்தது எல்லோரும் அறிந்தது. மின் நிலையப் பகுதியைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக எழுந்த முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாகி, மக்கள் வாளியும் கலனுமாகத் தண்ணீர் பவுசரை எதிர்பார்த்து நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரல் மாதத்தில் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் கல்லுக்குள் இறங்கியதை எந்தத் தீர்ப்பும் வெளியே எடுத்துவிடாது.

பொறியியலாளர் ஆறுமுகம் கண்ட ஆறு

சண்முகம் ஆறுமுகம் என்னும் பெயரை ஆலயங்களோடு தொடர்புடையவர்கள் அறிந்திருப்பார்கள். இலங்கையின் பழைமையான இந்துக் கோயில்களைப் பற்றியும், கொழும்புக் கோயில்களின் கற்சிற்பங்களைப் பற்றியும் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் அவர். 1905இல் பிறந்து 2000ஆம் ஆண்டு தைமாதம் காலமானார். அவருடைய தொழில் நீர்ப்பாசனப் பொறியியல். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை 1954இல் முன்வைத்தவர் அவரே.

திட்டத்தின் சாரம் எளிது. வன்னியிற் பெய்யும் மழை கனகராயன் ஆற்றின் வழியே ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு வந்து வீணாகக் கடலிற் கலக்கிறது. அந்த ஏரியை மேற்கே ஆனையிறவிலும் கிழக்கே சுண்டிக்குளத்திலும் அடைத்தால் அது காலப்போக்கில் நன்னீர் ஏரியாகும். அங்கிருந்து முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்கும், அதன்வழி உப்பாற்று ஏரிக்கும் நீரைக் கொண்டுவரலாம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கடல்நீரை உள்ளே விடாது. குடாநாட்டின் நடுவே இருக்கும் ஏரிகள் நன்னீரானால், பக்கவாட்டில் உப்பு ஊறுவது குறையும். இருபுறத்துக் கிணறுகளும் இனிக்கும். தண்ணீரைக் குழாயில் கொண்டுவருவதைவிட, நிலத்துக்குள் இருக்கும் வில்லையைத் தடிப்பாக்குவதே அவருடைய நோக்கம் எனலாம்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனை வழிபடச் செல்பவர்கள் கோயிலருகே அந்த ஆற்றைக் கடக்கிறார்கள். அங்குள்ள தடுப்பணை அந்தப் பெருந்திட்டத்தின் ஓர் உறுப்பு என்பதைச் சிலரே நினைப்பார்கள். அரியாலை அணையும் கட்டப்பட்டது. ஆனால் சுண்டிக்குளத்து அணை வெள்ளத்தில் உடைந்தது. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. பிறகு வந்த முப்பது ஆண்டு யுத்தம் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

2011ஆம் ஆண்டளவில், இரணைமடுக் குளத்திலிருந்து குழாய்வழி குடிநீர் கொண்டுவரும் திட்டம் தொடங்கியபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் வயலுக்கே போதாத தண்ணீர் என்றார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒரே மொழி பேசும் இரு மாவட்டங்கள் தண்ணீருக்காக முகம் சுளித்ததுதான் வருந்தத்தக்கது. முடிவில் வடமராட்சி கிழக்கு தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. குடிப்பதற்கு அது பேருதவி. ஆனால் உப்பை நீக்க மின்சாரம் வேண்டும். அந்த விலையில் வெங்காயத் தறைக்கு இறைக்க இயலாது. தோட்டத்துக்கு என்றைக்கும் நிலத்தடி நீரே கதி. குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே என்று கிணற்றைக் கைவிடுகிறவர், கிணற்றுக்குள் என்ன விழுகிறது என்பதையும் கவனிக்காமல் விடுகிறார். அதுதான் இனி வரப்போகும் ஆபத்து.

மூடிய வீடுகளும் முற்றத்துக் கற்களும்

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கிணறுகளைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்லவேண்டும். கொழும்பிலும் கனடாவிலும் உரிமையாளர் இருக்க, ஊரில் உள்ள கிணறு பாழாகிறது. முதலில் இலை குப்பை விழும். பிறகு பக்கத்தவர் பொலித்தீன் பையை எறிவர். பின்பு செத்த கோழியும் விழும். பாழ்கிணறு என்பது அந்த வளவுக்குள் அடைபட்ட குழியன்று. அது நேரே ஊர் முழுவதும் குடிக்கும் நீருக்குள் இறங்கும் வாசல். ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குப் போகிறபோது கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, வலை அல்லது கம்பி மூடி போட்டுவிட்டு வருவதற்கு ஒரு நாட் கூலிதான் செல்லும்.

2009க்குப் பின் ஊரில் எழுந்த புதிய வீடுகளில் இன்னொரு வழக்கம் வந்திருக்கிறது. மதிலிலிருந்து மதில்வரை முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதிப்பது. சேறு இல்லை, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வளவில் விழும் மழை ஒழுங்கைக்கு ஓடி, ஒழுங்கையிலிருந்து வாய்க்காலுக்கு ஓடி, கடலுக்குப் போகிறது. பின்னால் ஒரு குழாய்க்கிணறு அடித்து ஆழத்திலிருந்து உறிஞ்சவும் செய்வார்கள். உள்ளே போவதைத் தடுத்துவிட்டு உள்ளே இருப்பதை எடுப்பது எந்த வங்கிக் கணக்குக்கும் ஒத்துவராது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டொன்றுக்கு விழும் மழை ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல். பீலி வைத்து அதைத் திருப்பி, கிணற்றுக்குச் சற்று விலகிய ஒரு குழியில் கல்லும் சரளையும் மணலும் இட்டு இறக்கிவிட்டால் போதுமானது. கூரைத் தண்ணீரை நேரே கிணற்றுக்குள் விடுவது நல்லதன்று. காகத்தின் எச்சமும் அதனோடு போகும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. இலங்கையிலும் 2005இல் அதற்கெனத் தேசியக் கொள்கை வந்தது. சட்டம் எழுதியதோடு நின்றுவிட்ட இடங்கள் இரு நாட்டிலும் நிறைய உண்டு. 2019 கோடையில் சென்னை வரண்டு கிடந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

ஆலயங்களும் இந்தக் குறையிலிருந்து நீங்கியவை அல்ல. வெளிவீதியில் வெண்மணல் இருந்த காலத்தில் அங்கப்பிரதட்டணம் செய்வோர் உடம்பில் மண் ஒட்டும்; மழையும் அங்கேயே இறங்கும். இன்று உபயகாரர் பெயர் பொறித்து வீதி முழுவதும் கல் பதிப்பதைத் திருப்பணி என்கிறார்கள். பதிக்கத்தான் வேண்டுமென்றால் தேரோடும் தடத்துக்கு மட்டும் பதித்து மிகுதியை மணலாக விடலாம். மண்டபக் கூரை நீரைக் கேணிக்குத் திருப்பலாம்.

குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. பல ஆலயங்களின் அருகில் ஒரு குளமோ கேணியோ இருப்பது தற்செயல் அன்று. தீர்த்தமாட மட்டும் வெட்டியவையும் அல்ல; மழையைப் பிடித்து நிறுத்தி மெல்ல மெல்ல இறங்கவிடுபவை அவை. குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகள் பங்குனி சித்திரையிலும் இனித்தது அதனாலேயே. கோடையில் குளத்து வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்குப் போட்டார்கள். குளமும் துப்புரவானது, வயலுக்கும் பசளை கிடைத்தது. யூரியா வந்தபின் வண்டலை எவரும் தேடவில்லை. குளம் தூர்ந்தது, தூர்ந்த குளத்தைக் காணி என்று அடைத்தவர்களும் உளர். 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போதும் 2024 கார்த்திகை வெள்ளத்தின்போதும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்று வருந்தியவர்களில் சிலர் குளம் இருந்த இடத்திலேயே வீடு கட்டியவர்கள்.

பசளையைப் பொறுத்தவரை 2021இல் ஒரே இரவில் தடைசெய்தது போன்ற அவசரம் எவருக்கும் உதவாது. அந்த ஆண்டு கமக்காரர் பட்ட பாடு அனைவரும் அறிந்ததே. ஒரே தடவையில் கொட்டுவதைப் பிரித்து மூன்று நான்கு முறையாக இடுவதும், வைக்கோலாலும் சருகாலும் மண்ணை மூடுவதும், வாய்க்காலில் விடுவதற்குப் பதிலாகத் தூவல் முறையிலோ சொட்டு முறையிலோ நீர் விடுவதும் ஊரில் சிலர் செய்துகாட்டிய வழிகள். தூவல் கருவி வாங்க முதல் இல்லாத தோட்டக்காரருக்குக் கொழும்பிலுள்ள காணிச் சொந்தக்காரர் குத்தகைப் பணத்திலிருந்து ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம். தண்ணீர் மிச்சப்படுவது அவருடைய கிணற்றில்தானே.

ஆலயக் கேணியைத் தூர்வார முன்வரும் சபையார் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தூர்வாருவது வேறு, ஆழப்படுத்துவது வேறு. படிந்த சேற்றையும் குப்பையையும் அகற்றிப் பழைய அடியைக் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். இயந்திரம் வாடகைக்கு வந்திருக்கிறதே என்று கல்லை உடைத்து இறங்கினால், கரையோர ஊர்களில் உவர் மேலே வந்துவிடும். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் கிழக்குக் கரையோரத்தில் உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்குவதாக எண்ணி அளவுக்கு மீறி இறைத்த இடங்களில், உப்புக் குறைவதற்குப் பதிலாகக் கூடியதைக் கண்டார்கள். பொதுக்குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமோ பிரதேச சபையிடமோ முன்னரே எழுத்தில் அனுமதி பெறவேண்டும். எடுத்த வண்டலைக் கேணிக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்பவும் உள்ளே வரும். அதைத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிடலாம். நீர் வந்து சேரும் வாய்க்கால் அடைபட்டிருந்தால் கேணி வெறும் பள்ளமாகவே இருக்கும் என்பதால் அதையும் சேர்த்துத் துப்புரவாக்க வேண்டும். வேலை ஆனி, ஆடியில் தொடங்கி ஆவணிக்குள் முடிவது உசிதம். ஐப்பசியில் மழை விழத் தொடங்கிய பின் எவரும் சேற்றில் இறங்க வரமாட்டார்கள்.